மூன்று ஃபிரேம் தாமதம்

பூந்தாழங்குடி
11.2.2024

அன்புத் தம்பி ராஜராஜனுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. புனேயில் குளிர் குறைந்ததா? நான் கொடுத்துவிட்ட கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருப்பாய், தெரியும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று மறுபடி கேட்காதே. நம் ஊர் கிளை அஞ்சலகத்துக்கு நானே போஸ்ட் மாஸ்டர், நானே தபால்காரி. வீட்டு முன்னறையில் மேஜை போட்டுப் பையை அவிழ்த்தால் பேங்க் நோட்டீஸும் இன்ஷூரன்ஸ் காகிதமும்தான் விழுகின்றன. மனுஷர் மனுஷருக்கு எழுதியது என்று ஒன்றாவது வரட்டுமே. பதிமூன்று வயசு மூத்தவள் கேட்கிறேன், மாதம் ஒன்று எழுதினால் கை தேய்ந்துவிடாது.

காணும் பொங்கலன்று வாய்க்கால் கரையில் நாங்கள் நாலு பேர் கும்மியடித்ததை எடுத்துக்கொண்டு போனாயே, அது உங்கள் படத்துக்குப் பயன்பட்டதா? ஒரு செகண்டை இருபத்துநாலு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் பொம்மையை ஆடவைப்பேன் என்றாய். அப்படிப் பார்க்கும்போது நான் ஆடுவது எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் எழுது. முக்கியமாகக் கை.

உன் அத்தான் உளுந்து வயலே கதி என்று கிடக்கிறார். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா
விஜயலட்சுமி


புனே
25.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். (பொய் என்று உனக்குத் தெரியும்.)

உங்கள் கும்மிதான் இப்போது என் முழுநேர வேலை. மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் படம். மொத்தம் ஆறு நிமிஷம். நடவு முடிந்த அன்று நான்கு பெண்கள் கும்மியடிக்கிறார்கள், அவர்கள் கை தட்டத் தட்ட வயல் பச்சையாகிறது. வயலும் வானமும் நாகூர்க்காரி ஆசியாவின் பொறுப்பு. ஆடும் பெண்கள் என் பொறுப்பு. உன் வீடியோவை அடியில் வைத்து, மேலே கோடு போட்டு, நான்கு பேரையும் ஒவ்வொரு ஃபிரேமாக வரைகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நன்றாகத்தான் ஆடுகிறாய், ஆனால் உன் வலது கை அரசாங்க உத்தியோகம் பார்க்கிற கை என்பது நன்றாகத் தெரிகிறது. மற்ற மூன்று பேரும் தட்டி முடித்த பிறகு, சாவகாசமாக, மூன்று ஃபிரேம் கழித்து வந்து சேருகிறது! கண்ணால் பார்த்தால் தெரியாது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். கவலைப்படாதே, திருத்திவிட்டேன். எங்கள் திருத்தப் பட்டியலில் முதல் வரியே நீதான்: "விஜி அக்கா, வலது கை, மூன்று ஃபிரேம் முன்னால் இழுக்கவும்." இழுத்தாயிற்று. இப்போது உன் பொம்மை உன்னைவிட நன்றாகத் தட்டுகிறது.

அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி
ராஜா


பூந்தாழங்குடி
10.3.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலமே. உன் கடிதத்தை நானே பையிலிருந்து எடுத்து, நானே முத்திரை குத்தி, எனக்கு நானே டெலிவரி கொடுத்துக்கொண்டேன்.

மூன்று ஃபிரேம் என்றால் எவ்வளவு நேரம்? ஒரு செகண்டில் எட்டில் ஒரு பங்கா? நான் போட்ட கணக்கு சரிதானே? எல்லாச் சுற்றிலும் அப்படித்தான் வருகிறதா, அல்லது களைத்துப்போன கடைசிச் சுற்றில் மட்டுமா? இடது கை எப்படி? வேலை இருக்கும், இருந்தாலும் இன்னொரு தரம் பார்த்து எழுது.

இங்கே உளுந்து காய் பிடித்திருக்கிறது. மாலதி எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதப்போகிறாளாம். சாயங்காலம் வந்து என் மேஜையில் உட்கார்ந்து படிக்கிறாள். கும்மியில் எனக்கு எதிரே நின்று தட்டினாளே, மூன்றாவது வீட்டுப் பெண், அவள்தான்.

பேனா சரியில்லை, எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

உன் அக்கா
விஜயலட்சுமி


புனே
31.3.2024

அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். பதில் தாமதம். தினம் பதினாறு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால்.

எல்லாச் சுற்றிலும்தான் தாமதமாக வருகிறது, முதல் சுற்றிலேயே. இடது கை ஒழுங்காக வருகிறது, வலதுதான் சோம்பேறி. இதற்குப் போய் இத்தனை கேள்வியா? உனக்கு வயசாகிறது கிழவி, அவ்வளவுதான்! படத்தில் உன்னைப் பதினெட்டு வயசுக்காரி மாதிரி ஆட வைத்திருக்கிறேன், சந்தோஷப்படு.

உன் எழுத்து ஏன் வர வர எறும்பு ஊர்வது போல இருக்கிறது? இன்லேண்டு லெட்டரில் இடம் மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுக்கப்போகிறாய்? பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

ராஜா


பூந்தாழங்குடி
14.4.2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு,

வருஷப் பிறப்பு ஆசீர்வாதம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்து நன்றாகச் சிரித்தேன். அத்தானிடமும் வாசித்துக் காட்டினேன், கிழவி என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டு. நீ பார்த்துச் சொன்ன பிறகு மனசு நிம்மதியாகிவிட்டது. மயிலாடுதுறைக்குப் போய்வர வேண்டிய வேலை ஒன்று வைத்திருந்தேன். அவசரமில்லை என்று தள்ளிப்போட்டுவிட்டேன்.

மாம்பழம் வர ஆரம்பித்துவிட்டது. கோடை லீவுக்கு வருவாய்தானே?

உன் அக்கா
விஜயலட்சுமி


பூந்தாழங்குடி
6.8.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சித்திரையில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை, லீவுக்கும் வரவில்லை. படவேலை என்று போனில் சொன்னதால் கோபிக்கவில்லை.

கும்மியடிக்கும்போது புடவைக் கொசுவம் எப்படி ஆடுகிறது என்று பக்கவாட்டில் எடுத்து அனுப்பச் சொன்னாயல்லவா? பதினெட்டாம் பெருக்கன்று எடுத்து மாலதி போனிலிருந்து அனுப்பினோம். வந்ததா? முதலில் முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். பிறகு, நீ பார்ப்பாய் என்பதற்காகவே ஆடினேன். மாலதி எனக்காகச் சுற்றை மெதுவாக்கினாள். "என்னக்கா, செருப்பு கடிக்குதா?" என்று கேட்டாள். செருப்பே போடவில்லை.

ராஜா, இந்த முறை தமாஷ் இல்லாமல் எழுது. எத்தனை ஃபிரேம் என்றும் எழுது. நான் நடந்துபோய்ப் போனை நிறுத்துவதும் அதில் இருக்கிறது, அதையும் பார். வேறு யாரிடமும் இப்படி நிறுத்திப் பார்க்கச் சொல்ல முடியாது.

உன் அக்கா
விஜயலட்சுமி


புனே
29.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலம்தானே?

வீடியோ வந்தது. பெரிய உபகாரம். ஆனால் அதை உபயோகிக்க முடியவில்லை, பழைய ஆட்டத்தோடு சேரவில்லை. அதனால் கொசுவத்தை மட்டும் பார்த்து வரைந்துகொண்டு, ஆட்டத்தைப் பொங்கல் வீடியோவிலிருந்தே முடித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. அக்டோபருக்குள் படத்தை முடித்தாக வேண்டும். ஆசியாவும் நானும் பேசிக்கொள்வதே சண்டையாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் ஓய்வெடு. அத்தானுக்கு வணக்கம்.

தம்பி
ராஜா


பூந்தாழங்குடி
27.10.2024

அன்புத் தம்பி ராஜாவுக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல மாலதி எழுதுகிறாள். காலில் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்குமாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போய்வருகிறேன். நீ தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது பெரிய தெம்பு. அழுத முகத்தோடு ரயிலேறினாய், அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். வண்டியிலிருந்து எப்படி விழுந்தீர்கள் என்று எலும்பு டாக்டர் கேட்டார். வாய்க்கால் கரையில் ஆடு குறுக்கே வந்தது, பிரேக்கைப் பிடிக்கத்தான் நினைத்தேன், கை போய்ச் சேருவதற்குள் வண்டி சரிந்துவிட்டது, தபால் பையோடு விழுந்தேன் என்று சொன்னேன். அவர் கையை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா பெயர் ஷோபனா. பார்க்கின்சன் என்கிறார்கள். வயசானவர்களுக்குத்தான் வரும், கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நாற்பதுக்குள்ளும் வருமாம். எல்லோருக்கும் நடுக்கத்தில் தொடங்காதாம், சிலருக்கு ஒரு பக்கம் மெதுவாகிக்கொண்டே போகுமாம், எழுத்து சிறுத்துப்போகுமாம். தீர்ந்துபோகிற நோய் இல்லை, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாமாம்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள். எனக்குத் தேதி சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் அந்தத் திருத்தப் பட்டியல் இருக்கிறதல்லவா? என்னைப் பற்றியதை மட்டும் எடுத்து அனுப்பு. டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு
விஜயலட்சுமி
(எழுதியது மாலதி. உங்களுக்கு வணக்கம் அண்ணா.)


புனே
5.11.2024

அக்கா,

கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரம் தவறாமல் போடு.

நீ கேட்டது.

ஜனவரி 17, பொங்கல் கும்மி. முதல் சுற்றிலிருந்து ஆறாம் சுற்று வரை வலது கை மூன்று ஃபிரேம் தாமதம். கடைசி இரண்டு சுற்றில் நான்கு. இடது கை சரி. பட்டியலில் நான் எழுதிய நாள் பிப்ரவரி 20.

ஆகஸ்ட் 3, பதினெட்டாம் பெருக்கு. வலது கை ஏழு ஃபிரேம் தாமதம், சில இடத்தில் ஒன்பது. முழுதாக விரியாமலே தட்டுகிறது. வலது கால் அடி குட்டை. போனை நிறுத்த நடந்துவரும்போது இடது கை வீசுகிறது, வலது கை வீசவில்லை. எழுதிய நாள் ஆகஸ்ட் 12. அதற்கு நேராக "உபயோகிக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.

இவ்வளவுதான் அக்கா.

ராஜா


பூந்தாழங்குடி
24.11.2024

அன்பு மைத்துனர் ராஜாவுக்கு வைரக்கண்ணு எழுதுவது,

இங்கு மழை. சம்பாப் பயிரில் தண்ணீர் நின்று, வடிந்துகொண்டிருக்கிறது. உன் அக்காவுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று, கம்பு வைத்துக்கொண்டு நடக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குள் தபால் கொண்டுபோவது மட்டும் இப்போதைக்கு மாலதி.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதைப் போனில் சொல்வது முறையில்லை என்று எழுதுகிறேன். நீ அனுப்பிய கணக்கை டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். அவர்கள் இரண்டு தரம் படித்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாரு எழுதினது?" என்று கேட்டார்கள். என் தம்பி என்றாள். "இத்தனை கவனமா பாத்தவரு, அப்பவே உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்கள். உன் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னான் டாக்டர். டாக்டர்கிட்ட போ, போன்னு மூணு கடுதாசி எழுதினான். நாந்தான் வேலை வேலைன்னு போகாம இருந்துட்டேன்" என்றாள்.

அப்போதே வந்திருந்தால் இந்த எட்டு மாதம் இப்படிப் போயிருக்காது, வண்டியிலிருந்து விழுந்திருக்கவும் வேண்டாம் என்றார்கள் டாக்டர். வெளியே வந்ததும் அவளை நன்றாக ஏசிவிட்டேன். புருஷன் பக்கத்திலேயே இருந்தும் பார்க்கவில்லை, ஆயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லியிருக்கிறான், அதையும் மறைத்துவிட்டாயே என்று.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, எப்படி வருவானோ என்று உன்னைப் பற்றி நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. என்னை மன்னித்துக்கொள். ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு அவசியம் வா.

இப்படிக்கு
வைரக்கண்ணு


புனே
3.12.2024

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டும். வயலில் தண்ணீர் வடிந்ததா?

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுத்தீர்கள், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அத்தான், நான் சொல்லவில்லை. அக்கா டாக்டரிடம் சொன்னது பொய். நான் மூன்று கடிதம் எழுதியது உண்மை. முதலாவதில் அரசாங்கக் கை என்று கிண்டல் செய்தேன். இரண்டாவதில் சோம்பேறி என்றும் கிழவி என்றும் எழுதினேன், எழுத்து சிறுத்ததையும் கேலி செய்தேன். மூன்றாவதில் எதுவுமே எழுதவில்லை. எத்தனை ஃபிரேம், தமாஷ் இல்லாமல் சொல் என்று அக்கா கேட்டிருந்தாள். ஏழு என்று என் பட்டியலில் இருந்தது. ஆகஸ்ட் வீடியோவைப் பார்த்த அன்றே ஆசியா கேட்டாள்: "உங்க அக்காவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ஒரு கை வீசவே இல்லையே." எனக்குப் படம் முடிய வேண்டும் என்பதுதான் கவலை. "அது ஒன்னுமில்ல, பழைய வீடியோவே போதும்" என்று சொல்லிவிட்டேன்.

உலகத்தில் வேறு யாரும் பார்க்காததை நான் பார்த்தேன். ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில், ஒரு கைதட்டலை இருபது தரம் நிறுத்திப் பார்த்தேன். பார்த்ததெல்லாம் திருத்துவதற்குத்தான். என் கண்ணுக்கு அது அக்காவின் கையாகவே தெரியவில்லை, வேலையில் வந்த பிசகாகத்தான் தெரிந்தது. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் அக்காவை ஏசியிருக்கக் கூடாது அத்தான். என்னைத்தான் ஏச வேண்டும். ஊரில் சொன்னதையும் மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மைத்துனன்
ராஜராஜன்


பூந்தாழங்குடி
12.12.2024

ராஜாவுக்கு,

கால் தேவலை. மாத்திரை போட்ட அரைமணியில் கை கொஞ்சம் லேசாகிறது, அந்த நேரம் பார்த்து நானே எழுதுகிறேன். நீ சாப்பிடுவதில்லை என்று ஆசியா போனில் சொன்னாள். நல்ல பெண். சாப்பிடு.

அத்தான் பெயருக்கு நீ எழுதிய கவர் திங்கட்கிழமைப் பையில் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர் பெயர் போட்டு நீ எழுதியதே இல்லை. கையில் எடுத்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இந்த ஊரில் கோர்ட் நோட்டீஸைக் கொடுத்திருக்கிறேன், சிங்கப்பூரிலிருந்து வந்த சாவுச் சேதியைக் கொடுத்திருக்கிறேன், என்னைத் திட்டி மேலதிகாரிக்குப் போட்ட மொட்டைக் கடிதத்தைக்கூட முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். யார் தபாலையும் ஒரு நாள் நிறுத்தியதில்லை. உன்னுடையதை நிறுத்திவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை, ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது, பார்த்துக்கொள். செய்தது தப்புதான். வேலை போகிற தப்பு. தெரிந்துதான் செய்தேன்.

மறுபடி எழுதாதே. போனிலும் சொல்லாதே. என் மேல் கோபப்படுவது உன் அத்தானுக்குப் பழக்கம், இரண்டு நாளில் தணிந்து மூன்றாம் நாள் அவரே காப்பி போட்டுக்கொண்டு வந்தார். உன் மேல் வந்தால் தணியாது. அவரை எனக்குத் தெரியும், தன் சொந்த அண்ணனோடு பேச்சை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான். இனிமேல் எனக்கு நீ வந்துபோக வேண்டியிருக்கும்.

உனக்குச் சமாதானமாக ஒரு பொய்யும் எழுத மாட்டேன். எனக்கு வருத்தம் உண்டு. போன மார்கழியிலேயே தேதி முத்திரை கோணலாக விழ ஆரம்பித்தது. டாக்டரிடம் போய்க் கேட்கப் பயந்துதான் உன்னிடம் கேட்டேன். நீ சோம்பல் என்று எழுதினாய். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று நாளை ஓட்டினேன். பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதி உன்னுடையது, அது உன்னிடமே இருக்கட்டும். அத்தானிடம் கொண்டுவந்து இறக்கினால் உனக்கு லேசாகும், இந்த வீடு கனத்துப்போகும்.

படத்தை ஆசியா அனுப்பியிருந்தாள். மாலதி பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க எவ்ளோ அழகா தட்டுறீங்க, வந்து பாருங்களேன்" என்றாள். நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

பொங்கலுக்கு வந்துவிடு. நீ வந்து இறங்கியதும் அத்தான் நாலு பேரைக் கூட்டிவைத்துக்கொண்டு, "மூணு கடுதாசி எழுதினியாமேடா" என்று பெருமையாகக் கேட்பார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். "ஆமா அத்தான், எழுதுனேன்" என்று சொல்.

உன் அக்கா
விஜயலட்சுமி